சம்மட்டிக்கு மூணு அடி

ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்கு விடுமுறை என்று பெயர்தான். ஷட்டர் பாதிக்குத் தூக்கியிருக்கும். குனிந்து உள்ளே போனால், அடுக்கி வைத்த பழைய டயர்களின் மேல் ஆளுக்கொரு ஆசனம் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பார்கள். தெருவில் போகிறவர்கள் ஏதோ பாகப்பிரிவினை என்று நினைத்து நடையைத் துரிதப்படுத்துவார்கள். பாகப்பிரிவினை என்றால் என்றைக்காவது தீரும். இது 'சம்மட்டி' குழுவில் பாடகர் மாறின வழக்கு. ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

'சம்மட்டி' ஒரு ஹெவி மெட்டல் குழு. இரண்டு கிட்டார், அடிநாதத்துக்கு ஒரு பேஸ் கிட்டார், கூரை பெயர்கிற மாதிரி டிரம்ஸ், நடுவில் நின்று அலற ஒரு ஆள். முதல் ஆறு ஆல்பங்களில் அலறியவரை ரசிகர்கள் 'பெருசு' என்பார்கள். பெருசு ஏதோ மனஸ்தாபத்தில் விலகிப்போக, அந்த இடத்துக்கு ஒல்லியாக ஒருவர் வந்தார். அதற்கு முன் நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவராம். வந்த அன்றே அவருக்குப் 'பொடியன்' என்று பெயர் விழுந்துவிட்டது. பொடியனுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, ஆனால் வைத்த பெயரை யார் திரும்ப எடுப்பார்கள்? அவர் வந்த பிறகு இரண்டு ஆல்பம். முதலாவது 'சாம்பல்', அடுத்தது 'ஈயம்'. சண்டையெல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான்.

கடைக்காரர் பெருசு கட்சி. அவருடைய மனைவியின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், பொடியன் கட்சி. பக்கத்துத் தெருக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் அறுக்கிறவள். அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று கடைக்காரர் முதன்முதலாக வீட்டுக்கு வந்து, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தபோது சின்னவளின் போன் அடித்தது. அதில் வந்தது 'சம்மட்டி' பாட்டு. அவர் கல்யாணப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, "உனக்கு ரெண்டாவது ஆல்பம் பிடிக்குமா, மூணாவதா?" என்று கேட்டார். அன்றையிலிருந்து அவர் அத்தான். ஊரில் எந்த மூலையில் கிட்டார் சத்தம் கேட்டாலும் அத்தானும் சின்னவளும் ஒன்றாகப் போய் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அக்காவுக்குத் தலைவலி மாத்திரை மிச்சம்.

அதெல்லாம் பெருசு இருந்த காலம். அவர் போன பிறகு அத்தான் ஒரு நிகழ்ச்சிக்கும் வரவில்லை. அவர் வாதம் எளிமையானது. பெருசு பாடினால் அடிவயிற்றிலிருந்து வரும், பொடியன் பாடினால் பாடப்புத்தகத்திலிருந்து வருகிறது. பெருசு காலத்தில் ஒரு பாட்டு நாலு நிமிஷத்தில் வந்த வேலையை முடித்துவிட்டுப் போகும். 'ஈயம்' ஆல்பத்தில் ஒரு பாட்டு பதினொரு நிமிஷம், அதில் பாதி நேரம் யாரோ காதோரம் முணுமுணுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கீபோர்டு. கீபோர்டு என்று சொல்லும்போதே அவருக்கு வாய் கசக்கும்.

சின்னவள் சளைத்தவளா என்ன. பெருசின் கடைசி ஆல்பத்தை யாராவது முழுசாகக் கேட்டீர்களா, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் என்று ஆரம்பிப்பாள். அதில் குரல் பாதி, மிஷின் பாதி. பொடியன் வந்த பிறகுதான் பேஸ் வாசிக்கவும் குழுவில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே நம் காதுக்குத் தெரிந்தது. முணுமுணுப்பில் ஆரம்பிப்பதால்தான் அலறல் வரும்போது மயிர்க்கூச்செறிகிறது, ஆரம்பத்திலிருந்தே கத்தினால் அது பாட்டா சந்தைக்கடையா என்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதால் 'ஊசி' என்று பெயர் வாங்கின நண்பன் மதில்மேல் பூனை. அவன் இரண்டு பேருக்கும் தலையாட்டுவான், இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வாதம் முற்றி, அத்தான் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"உனக்கு இனிமே இங்க என்ன வேலை? பொடியன் பாட்டு கேக்கற பசங்களோட போய் உக்காந்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சின்னவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்த டயர் அடுக்கில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து மேல் டயரே குழி விழுந்திருக்கிறது. போ என்றால் எங்கே போவாள்?

அந்த வாரமே செய்தி வந்தது. பொடியனோடு 'சம்மட்டி' முதன்முறையாக இந்த ஊருக்கு வருகிறது. ஊசி போனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே ஓடி வந்தான். கடையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றார்.

சின்னவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வந்து கேளுங்க அத்தான். 'உலைக்களம்' பாடறப்ப அந்த அலறல் சரியா விழலைன்னா, என் கோட்டைக் கழட்டி உங்க ஜாக்கி துடைக்கக் குடுத்துடறேன்."

காற்றடிக்கிற மோட்டார்கூட நின்ற மாதிரி இருந்தது. கோட் என்று அவள் சொன்னது கையில்லாத ஜீன்ஸ் கோட்டை. போன ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு துணிச்சின்னம் வாங்கி, முன்னும் பின்னும் இடம் விடாமல் அவளே தைத்தது. அதைத் துவைப்பது பாவம் என்பது இவர்கள் மதம். அக்கா அதைக் கம்பால் தள்ளித்தான் நகர்த்துவாள்.

"சரியா விழுந்துட்டா?" என்று ஊசி கேட்டான்.

"விழுந்துட்டா, 'ஈயம்' சின்னத்தை அத்தான் தன் கோட்ல தன் கையாலயே தைக்கணும்."

அத்தான் கிரீஸ் கையை நீட்டினார், அவள் குலுக்கினாள். டீ கொண்டுவந்த அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தான் புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கற ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

'உலைக்களம்' என்பது முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதன் நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கிவிடும். வெறும் இரும்பில் சம்மட்டி விழுகிற சத்தம் மட்டும். ணங், ணங், ணங். உடனே அந்த அலறல். இந்த ஊரில் அதைப் பெருசோடு சேர்ந்து கூட்டமே அலறும். முன்பு ஒரு தடவை பெருசு இங்கே பாட வந்தபோது, மூணாவது அடி விழுந்ததும் மைதானம் முழுக்க ஒரே குரலாக அலறியது. பெருசு மைக்கை இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அந்த இடத்தை அவர் பாடவே இல்லை. "நம்ம குரலைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போய் நின்னுட்டார்" என்று அத்தான் அதைச் சொல்லாத நாள் கிடையாது. டயர் வாங்க வருகிறவர், காற்றடிக்க வருகிறவர், வழி கேட்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அந்தக் கதை உண்டு. சொல்லும்போது அவர் கண் பளபளக்கும்.

கதையை முடித்துவிட்டு, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கேசட்டைக் காட்டுவார். அந்த முதல் ஆல்பம் அந்தக் காலத்தில் இந்த ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. நண்பன் ஒருத்தன் வேன் டேப்பில் போட்டபோது நாடா சிக்கிக் கசங்கிப்போக, அத்தான் கசங்கின இடத்தை பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, ஒட்டுநாடா வைத்து ஒட்டிக் காப்பாற்றினார். கட்டைவிரல் நீளத்துக்குத்தான் போச்சு, பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார். அந்தக் கேசட்டிலிருந்துதான் ஊரே பிரதி எடுத்தது. பிறகு அது கம்ப்யூட்டருக்குப் போனது, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குப் போனது. கம்பெனித் தகராறில் முதல் ஆல்பம் திரும்ப எங்கும் விற்பனைக்கு வரவே இல்லை. இந்த வருஷம்தான் தகராறு தீர்ந்து, மறுபதிப்பு வந்தது.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு சின்னவள் அந்த மறுபதிப்பை வாங்கினாள். வேலை நேரத்தில், அறுக்கிற மிஷின் முன்னால் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு 'உலைக்களம்' போட்டாள். ணங், ணங், ணங். அவள் மனசுக்குள் அலறிவிட்டாள். பாட்டு அலறவில்லை. இன்னொரு ணங் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பெருசு அலறினார்.

கையிலிருந்த லென்ஸ் நழுவியது. ஏதோ கோளாறு என்று திரும்பப் போட்டாள். நாலு. இன்னொரு தடவை போட்டாள். நாலேதான். வேறு ஊர்களில் பாடின வீடியோக்களிலும் நாலு அடிதான் விழும், அது அவளுக்கு முன்பே தெரியும். வெளியூர்க் கூட்டத்துக்காக ஒரு அடி கூட்டிக்கொள்கிறார்கள் என்று அத்தான் சொல்லியிருந்தார், கடையே அதை ஒப்புக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

கட்டைவிரல் நீளத்துக்குத்தான் போச்சு. போனது அந்த ஒரு அடிதான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஊரே ஒரு பிளேடு வெட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. கண்ணாடிக் கடை முதலாளி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஊர் மூணாவது அடியில் அலறும், பொடியன் நாலாவது அடிக்குப் பிறகுதான் அலறுவான். தாளமே தெரியாதவன், தாமதமாக வந்துவிட்டான் என்று அத்தான் சொல்வார். கோட் போச்சு. இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெருசு அன்றைக்கு முதுகைக் காட்டி நின்றது சிலிர்த்துப்போய் அல்ல, ஊர் ஒரு அடி முந்திக்கொண்ட எரிச்சலில்.

சொல்லிவிட வேண்டும் என்று சாயங்காலம் கடைக்குப் போனாள். மறுபதிப்பைப் பையிலிருந்து எடுக்கக் கை வைத்தபோது, அத்தான் ஒரு லாரி டிரைவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "மைக்கை இறக்கிட்டாருங்க. அவரால பாட முடியல." டிரைவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு வார்த்தை சொன்னால் அது அணைந்துவிடும். சொல்லாவிட்டால் அவள் கோட் ஜாக்கி துடைக்கும்.

சின்னவள் பைக்குள்ளிருந்து கையை வெறுமனே எடுத்தாள். சனிக்கிழமை மூணு மணிக்கு வேன் கிளம்பும், தாமதம் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மைதானத்தில் வெயில் இறங்குவதற்கு முன்பே கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அத்தான் பெருசின் முகம் முதுகில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் குறை கண்டுபிடிக்க வந்தவர் மாதிரி நின்றார். ஆனால் நின்ற இடம் முன்வரிசைக் கம்பி. ஆறு வருஷத்துக்குப் பிறகு அத்தான் பக்கத்தில் நிற்கிறார், அது போதும் என்றும் சின்னவளுக்குத் தோன்றியது, போதாது என்றும் தோன்றியது.

விளக்கு எரிந்தது, முதல் கிட்டார் வந்து நெஞ்சில் மோதியது. ஊசி ஆஸ்பத்திரியில் யாருக்கும் காட்டாத ஒரு முகத்தோடு தலையை ஆட்டிக் குதித்தான். பொடியன் ஓடி வந்தான். நேரில் பார்த்தால் இன்னும் ஒல்லி. ஆனால் வாயைத் திறந்ததும் அந்த உடம்பில் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. 'ஈயம்' ஆல்பத்தின் அந்தப் பதினொரு நிமிஷப் பாட்டை முணுமுணுப்பில் ஆரம்பித்து, மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்க, ஒரே வீச்சில் அலறலுக்கு ஏற்றினான். சின்னவள் கத்திக் கத்திக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் செருப்பு நுனி தாளம் போட்டது. கீபோர்டு வந்த இடத்தில் மட்டும் அதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் 'உலைக்களம்' வந்தது. முதல் இரண்டு கிட்டார் வரியிலேயே கூட்டம் பொங்கிவிட்டது. அத்தான் கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். பழையபடி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கம்பியைப் பிடித்தார்கள். நடுப்பகுதி வந்தது. எல்லாம் அடங்கியது. கிட்டார்காரர் சம்மட்டியை எடுத்துக்கொண்டு மேடையில் வைத்திருந்த இரும்புப் பாளத்தின் முன் நின்றார்.

ணங். ணங். ணங்.

மைதானம் அலறியது. சின்னவளும்தான் அலறினாள். தெரிந்திருந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை, அந்தத் தொண்டைக்கு அப்படித்தான் பழக்கம். அலறலின் நடுவே நாலாவது ணங் அநாதையாக விழுந்தது. அதற்குப் பிறகு பொடியன் அலறினான், கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது. டிரம்ஸ் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பாட்டு நொண்டியது.

அத்தான் திரும்பினார். முகத்தில் வெற்றியும் இருந்தது, ஏதோ ஏமாற்றமும் இருந்தது.

"லேட்டு" என்றார். "கழட்டு."

இரும்பிலே அறைந்த மாதிரி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு வரை வந்தது. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோட்டின் முதல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவதில் கை வைத்தபோது பாட்டு நின்றது.

பொடியன் கையைத் தூக்கியிருந்தான். மைதானம் கப்சிப் ஆனது. இந்த ஊரில் இந்தப் பாட்டின் இந்த இடத்தில் ஒரு பாடகர் நிறுத்துவது இது இரண்டாவது தடவை. முதுகைக் காட்டிவிடாதேப்பா, காட்டிவிடாதே என்று சின்னவள் வேண்டிக்கொண்டாள்.

பொடியன் மேடை நுனிக்கு வந்து, குனிந்து, முன்வரிசையைப் பார்த்துக் கேட்டான்.

"என்ன, இந்த ஊர்ல மூணு அடிதானா?"

ஆயிரம் கைகள் மூணு விரலைக் காட்டின. அத்தான் கையும் அதில் இருந்தது, எல்லோருக்கும் மேலே. பொடியன் சிரித்துவிட்டான். மேடையில் யாரும் அப்படிச் சிரித்து இவர்கள் பார்த்ததில்லை, மெட்டல் பாடகர்கள் சிரிப்பது வழக்கமில்லை. சம்மட்டியோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ மூணுதான். இவங்க பாட்டு, இவங்க கணக்கு. முதல்லேர்ந்து வா."

மறுபடி கிட்டார் ஏறியது, மறுபடி எல்லாம் அடங்கியது. ணங். ணங். ணங். பொடியனும் ஊரும் ஒரே குரலில் அலறினார்கள். அந்த அலறலில் கம்பி அதிர்ந்தது, காலுக்குக் கீழே இருந்த தரை அதிர்ந்தது. சின்னவளின் கையை யாரோ நெரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான்தான். அவர் மேடையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கழற்றின பித்தானைத் திரும்பப் போட்டுக்கொள்ள அவளுக்கு ஒரு கை போதவில்லை, ஊசிதான் போட்டுவிட்டான்.

மறுநாள் ஞாயிறு. யாருக்கும் தொண்டை இல்லை. எல்லோரும் கிசுகிசுப்பாகத்தான் சண்டை போட்டார்கள். ஊசி, ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வைத்திருந்த வளைந்த தையல் ஊசியையும் நூலையும் கொண்டுவந்திருந்தான். காயம் தைக்கிற ஊசி ஜீன்ஸுக்குப் போதும் என்றான். அத்தான் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, 'ஈயம்' சின்னத்துக்கு நெஞ்சுப் பக்கம் இடம் தேடினார். பஞ்சர் ஒட்டும் கைக்கு நூல் கோர்ப்பது பெரும்பாடாக இருந்தது. கோர்த்து முடித்துவிட்டுத் தலை நிமிராமலே கேட்டார்.

"அந்த மறுபதிப்பு வாங்கியிருப்பியே. அதுல எத்தனை அடி?"

சின்னவள் டயரில் நெளிந்தாள். "நாலு, அத்தான்."

அவர் சுவரில் மாட்டியிருந்த கேசட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அப்போ பெருசு அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமைலேர்ந்து."

"தெரிஞ்சுதான் கோட்டைக் கழட்டினியா?"

அத்தான் அவளையே பார்த்தார். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டது, அதைக் கிரீஸ் கையாலேயே துடைத்ததில் கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு அவள் உட்கார்ந்திருந்த டயர் அடுக்கைக் காலால் தன் பக்கம் இழுத்துப் போட்டார், அவளோடு சேர்த்தே.

"இங்க உக்காரு. நூலைப் பிடி" என்றார். "ஆனா அந்தக் கீபோர்டு தேவையே இல்ல. அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"தேவைதான்" என்றாள் சின்னவள், இல்லாத குரலில்.

வழக்கு மறுபடி ஆரம்பித்தது. டீ கொண்டுவந்த அக்கா, நேற்று அவ்வளவு கத்தியும் போதவில்லையா, இன்னுமா முயலுக்கு மூணு காலு என்று கேட்டாள்.

"மூணுதான்" என்றார் அத்தான், ஊசியை இழுத்துக்கொண்டே. "மேடையிலயே ஒத்துக்கிட்டாங்க."

சின்னம் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. பிரித்துத் தைக்கவா என்று சின்னவள் கேட்டதற்கு, வேண்டாம், இந்த ஊர்ல இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டார்.